ஆள் நடமாட்டம் குறைந்த மலைச்சாலைகளில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமவெளியில் ஓரளவு நன்றாகவே சைக்கிள் ஓட்டுபவர்கள் மலைப்பக்கம் முதல்முறையாகக் கிளம்பும்போது கேட்கும் கேள்விகள் இவை. பந்தயத்துக்கான பயிற்சிக் குறிப்புகள் இங்கே கிடையாது. வண்டிகள் எப்போதாவது கடந்துபோகும், ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே நெடுந்தூரம் காடும் மேய்ச்சல் நிலமுமாகக் கிடக்கும் தார்ச்சாலைகளை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

சமவெளியில் ஒரே நாளில் 100 கிலோமீட்டர் ஓட்டிவிடுகிறேன். மலையில் எவ்வளவு தூரம் திட்டமிடலாம்?

கிலோமீட்டர் கணக்கை ஓரமாக வைத்துவிடுங்கள். மலையில் ஒரு நாளின் அளவைத் தீர்மானிப்பது ஏற வேண்டிய மொத்த உயரம்தான். ஆளும் சைக்கிளும் பையும் தண்ணீரும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் 600 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். அதற்கு ஏறக்குறைய 155 வாட் திறன் வேண்டும். அதில் பத்தில் ஒன்பது பங்கு எடையை மேலே தூக்கவே செலவாகிறது. காற்றைக் கிழிக்கவும் சக்கரம் உருளவும் போவது சொற்பம். நன்கு பழகிய ஒருவர் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உழைப்பு இது.

ஆகவே மணிக்கு 500 முதல் 600 மீட்டர் உயரம் என்று கணக்கிடுங்கள். 60 கிலோமீட்டர் பாதையில் 1,500 மீட்டர் ஏற்றம் இருந்தால், ஏறுவதற்கு மட்டுமே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறக்கத்தையும் சமதளத்தையும் சேர்த்தால் நான்கு மணி நேரத்தைத் தொடும். சமவெளியில் 100 கிலோமீட்டர் ஓட்டும் நேரம் அது. முதல் பயணத்துக்கு ஒரு நாளைக்கு 1,000 மீட்டர் போதும் என்பது என் கருத்து. தொடர்ந்து பல நாள் ஓட்டுவதாக இருந்தால் முதல் இரண்டு நாள்களைக் குறிப்பாகச் சிறியதாக வையுங்கள். தொடைகள் முதல் நாளில் காட்டாத களைப்பை மூன்றாம் நாள் காலையில் காட்டும்.

வரைபடம் "சராசரி ஏற்றம் 7 சதவீதம்" என்கிறது. அதை எப்படிப் புரிந்துகொள்வது?

100 மீட்டர் போனால் 7 மீட்டர் உயர்வு என்பது அதன் பொருள். ஆனால் சராசரியை நம்பி மட்டும் ஏறக் கூடாது. பிரான்சின் மோன் வெந்து மலையைப் பாருங்கள். பெதுவான் என்ற ஊரிலிருந்து உச்சிவரை சுமார் 21 கிலோமீட்டர், உயர்வு சுமார் 1,600 மீட்டர், சராசரி 7.5 சதவீதம். முதல் ஐந்து கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மெதுவாகத்தான் உயரும். அப்புறம் காட்டுக்குள் நுழைந்ததும் கிலோமீட்டர் கணக்கில் 9, 10 சதவீதமாகவே நீளும். முதல் பகுதியில் உற்சாகமாக மிதித்தவர்கள் காட்டுக்குள் திணறுவது அதனால்தான்.

நடுவில் ஓர் இறக்கம் இருந்தாலும் சராசரி குறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏற்றம் என்ன என்று காட்டும் குறுக்குவெட்டுப் படத்தைப் பாருங்கள். அதைத் தாளில் குறித்து ஹேண்டிலில் ஒட்டிக்கொள்வது இன்றைக்கும் நல்ல பழக்கம். காகிதத்துக்கு பேட்டரி தீராது.

எனக்கு எந்தக் கியர் வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட இலகுவானது. பந்தயக்காரர்களின் கியர் அமைப்பைப் பார்த்து வாங்காதீர்கள். அவர்கள் உங்களைவிட இருமடங்கு திறனோடு ஏறுகிறார்கள். முன்புறச் சிறிய பல்சக்கரத்தில் 34 பல், பின்புறப் பெரிய பல்சக்கரத்திலும் 34 பல் என்றால், மிதி ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரமும் ஒருமுறை சுற்றும், சைக்கிள் சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். 10 சதவீத ஏற்றத்தில் சாதாரண ஆள் போகும் வேகமே அவ்வளவுதான். பை ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தால் அதையும்விட இலகுவான கியர் அவசியம். மிகக் கனமான கியரை நிமிடத்துக்கு 40 சுற்றில் நசுக்கி நசுக்கி மிதித்தால் முதலில் பேசுவது முழங்கால்தான்.

இலகுவான கியரைப் பலவீனத்தின் அடையாளமாகப் பார்க்கும் மனப்பான்மை சைக்கிள் உலகில் வெகுகாலம் இருந்தது. 1910ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயம் முதன்முறையாகப் பிரனீஸ் மலைத்தொடரின் தூர்மலே கணவாயை ஏறியது. அதன் உயரம் 2,115 மீட்டர். அந்தக் காலத்தில் கியர் மாற்ற வேண்டும் என்றால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவில் பல்சக்கரம் இருக்கும். பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி தெகிராஞ்சுக்குக் கியர் மாற்றும் கருவி பிடிக்கவே பிடிக்காது. 1937 வரை அந்தப் பந்தயத்தில் அதற்கு அனுமதி இல்லை.

அதே காலத்தில் சாந்த் எத்தியென் நகரில் வாழ்ந்த பால் தெ விவி (1853–1930) நேர்மாறாக நின்றார். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய அவர், சாதாரண மனிதர்கள் மலைகளைச் சைக்கிளில் கடக்கப் பல கியர்கள் வேண்டும் என்று விடாமல் வாதாடினார். தாமே ஓட்டியும் காட்டினார். நாம் இன்று மலையில் உட்கார்ந்தபடியே ஏறுகிறோம் என்றால், அவரைப் போன்றவர்களின் பிடிவாதம் அதில் இருக்கிறது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

நீண்ட ஏற்றத்தில் மூச்சு வாங்கிப் பாதியிலேயே நின்றுவிடுகிறேன். என்ன செய்வது?

பெரும்பாலும் காரணம் உடல்வலு இல்லாமை அல்ல, தொடக்க வேகம். ஏற்றத்தின் முதல் பத்து நிமிடம் "இது ரொம்ப மெதுவாக இருக்கிறதே" என்று தோன்ற வேண்டும். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் கியரை ஒருபடி இறக்குங்கள்.

பெரும்பகுதி உட்கார்ந்தே ஏறுங்கள். எழுந்து நின்று மிதித்தால் உடல் எடை மிதிக்கு உதவும், ஆனால் நாடித்துடிப்பும் ஏறும். இடுப்பு இறுகும்போதும், சிறிய செங்குத்தான துண்டைத் தாண்டும்போதும் அரை நிமிடம் எழுந்தால் போதும். கைகளை ஹேண்டிலின் மேல்பகுதியில் தளர்வாக வைத்து, தோள்களை இறக்கிவிடுங்கள். காதுக்கு அருகே தூக்கிக்கொண்டிருக்கும் தோள்கள் ஒரு மணி நேரத்தில் கழுத்தைப் பிடித்துவிடும்.

கொண்டை ஊசி வளைவைக் கண்டு பயப்பட வேண்டாம். அது ஏறுபவரின் நண்பன். வளைவின் உள்விளிம்பு குறுகியது, ஆகையால் செங்குத்தானது. வெளிவிளிம்பில் அதே உயரம் நீண்ட தூரத்தில் பரவுகிறது. உங்கள் பக்கத்துக்குள் எவ்வளவு வெளிப்புறமாகப் போக முடியுமோ அவ்வளவு போனால் சில நொடிகள் கால்களுக்கு ஓய்வு கிடைக்கும். இத்தாலியின் ஸ்தெல்வியோ கணவாயின் வடக்குப் பக்கத்தில் அப்படி 48 வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எண் பொறித்த கல். வளைவே இல்லாமல் நேராக நீளும் 8 சதவீதச் சாலை அதைவிட மனத்தை அதிகம் சோதிக்கும்.

எடை குறைந்த சைக்கிள் வாங்கினால் ஏறுவது எளிதாகுமா?

ஆகும், கொஞ்சம். 85 கிலோவில் 2 கிலோ குறைந்தால், ஒரு மணி நேர ஏற்றத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் நிமிடம் மிச்சம். அந்தப் பணத்தை முதலில் நல்ல டயருக்கும் சரியான கியருக்கும் செலவிடுங்கள்.

இறக்கம்தான் எனக்குப் பயம். பிரேக்கை எப்படிப் பிடிப்பது?

பயம் நியாயமானது. ஆள் குறைந்த சாலைகளில் நேரும் மோசமான விபத்துகளில் இன்னொரு வண்டியே சம்பந்தப்படாதவை பல. வளைவும் வேகமும் ஓட்டுபவரும் மட்டுமே போதும். ஆகவே இந்தப் பதில் நீளமானது.

பலர் பயத்தில் செய்வது, உச்சியிலிருந்து அடிவாரம்வரை பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்குவது. பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் அதுதான் பிரேக்கை அதிகம் சூடாக்குகிறது. அதே 85 கிலோவில், 8 சதவீத இறக்கத்தில், மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கும்போது ஈர்ப்பு கொடுக்கும் ஆற்றலில் பாதிக்குச் சற்று மேல் பிரேக்குக்குப் போகிறது. மீதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்கின்றன. மணிக்கு 20 கிலோமீட்டரில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் காற்று அநேகமாக எதையும் வாங்குவதில்லை. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் பிரேக்காக இருந்தால் அந்தச் சூட்டில் ட்யூப் வெடிக்கலாம். கார்பன் விளிம்பு என்றால் விளிம்பே சேதமடையலாம். டிஸ்க் பிரேக்கும் அதிகச் சூட்டில் பிடிமானம் இழக்கும்.

சரியான முறை இது. நேரான துண்டில், உங்களுக்குத் தைரியம் இருக்கும் வேகம்வரை சைக்கிளை விடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து மார்பைக் காற்றுக்குக் கொடுத்தால் அதுவே ஒரு பிரேக். வளைவுக்கு வெகுமுன்பே, சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் சாயும்போது விட்டுவிடுங்கள்.

ஹேண்டிலின் கீழ்வளைவில் கைகளை வையுங்கள். ஒன்றிரண்டு விரல்கள் பிரேக் நெம்புகோலின் மேல், மற்ற விரல்கள் ஹேண்டிலைச் சுற்றி. முழங்கை மடிந்திருக்க வேண்டும். வளைவின் வெளிப்பக்கக் காலைக் கீழே நீட்டி, அந்த மிதியின்மேல் எடையை இறக்குங்கள். உள்பக்க மிதி மேலே இருப்பதால் சாலையில் இடிக்காது. பார்வை முன்சக்கரத்தின்மேல் இருக்கக் கூடாது; வளைவு எங்கே முடிகிறதோ அங்கே இருக்க வேண்டும். பள்ளத்தாக்கைப் பார்த்தால் சைக்கிளும் அந்தப் பக்கமே இழுக்கும்.

வேகம் இருமடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகிறது. கண்ணுக்குத் தெரியும் சாலைக்குள் நிற்க முடியாத வேகம் எந்த ஓட்டக்காரருக்கும் அதிக வேகம்தான். மறைவான வளைவில் ஒருபோதும் எதிர்ப்பக்கத்துக்குப் போகாதீர்கள். அரைமணி நேரமாக ஒரு வண்டியும் வரவில்லை என்பது அடுத்த வளைவுக்குப் பின்னால் லாரி இல்லை என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

கை வலித்தால் நில்லுங்கள். பிரேக் ஆறட்டும், டிஸ்க்கை மட்டும் தொடாதீர்கள்.

வேகமாக இறங்கும்போது ஹேண்டில் உதறத் தொடங்கினால்?

ஹேண்டிலை இறுகப் பிடித்தால் உதறல் கூடும். பிடியைத் தளர்த்தி, சட்டத்தின் மேல்குழாயை இரண்டு முழங்கால்களாலும் இறுக்கிக்கொள்ளுங்கள். இருக்கையிலிருந்து எடையைச் சற்றுத் தூக்கி, பிரேக்கை மெல்லப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். உதறல் அடங்கும். குளிரில் உடல் நடுங்குவதும் இதைத் தூண்டும்.

ஏறும்போது வியர்த்துக் கொட்டுகிறது. குளிர் உடை எதற்கு?

இறங்குவதற்கு. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. அடிவாரத்தில் 25 டிகிரி என்றால் 1,500 மீட்டர் மேலே 15 டிகிரிதான். உடம்பெல்லாம் ஈரம், கால்கள் மிதிக்காததால் உள்ளே வெப்பம் உண்டாவதில்லை, மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று நேரே மார்பில். பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துவிடும். மரத்த விரல்களால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாது. குளிர் அந்த இடத்தில் வெறும் சங்கடம் அல்ல, நேரடி ஆபத்து.

மடித்தால் கைப்பிடிக்குள் அடங்கும் காற்றுத்தடுப்பு மேலாடை, முழுவிரல் கையுறை, முழங்கையையும் மூடும், கழட்டி மாட்டக்கூடிய தனிக்கைத்துணி (ஆர்ம் வார்மர்): வெயில் காலத்திலும் இந்த மூன்றையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உச்சியை அடைந்ததும் முதல் வேலை படம் எடுப்பது அல்ல. மேலாடையை உடனே மாட்டுங்கள், உடம்பில் சூடு இருக்கும்போதே. ஒன்றுமே இல்லாத நெருக்கடியில் சட்டைக்குள் மார்பை மூடியபடி செய்தித்தாளைச் செருகிக்கொள்ளுங்கள். பந்தயக்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த வழி அது, நன்றாகவே உதவும்.

எவ்வளவு சாப்பிட வேண்டும், எவ்வளவு தண்ணீர்?

உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, கடுமையான உழைப்பில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் தாங்கும். அது தீர்ந்தால் கண் இருட்டும், கை நடுங்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், கால்கள் மறுத்துவிடும். கடைகள் இல்லாத மலையில் அந்த நிலைக்கு வந்துவிட்டால் மீள்வது கடினம்.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது நல்ல அளவு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. கிளம்பிய முதல் மணி நேரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பசிக்கு முன் சாப்பிடு, தாகத்துக்கு முன் குடி என்று மேலே சொன்ன வெலோசியோ நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிவுறுத்தினார். செங்குத்தான துண்டில் மென்று விழுங்க மூச்சு இடம் கொடுக்காது. ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் முக்கால். பல மணி நேரம் வெறும் தண்ணீரை மட்டுமே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து அதுவும் ஆபத்தாகும். கொஞ்சம் உப்பும் சேரட்டும். மேய்ச்சல் நிலத்துக்குக் கீழே ஓடும் ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். சுத்திகரிப்பு மாத்திரை எடை அற்றது, எடுத்துச் செல்லுங்கள்.

வழியில் பழுதானால்? மெக்கானிக் கிடைக்க மாட்டாரே.

உங்கள் கைதான் மெக்கானிக். ட்யூப் இரண்டு, ஒட்டுச் சாமான், டயர் நெம்பி, பம்பு, பல கருவிகள் ஒன்றாக மடிந்த கைக்கருவி (மல்டிடூல்), செயின் அறுப்பான், உங்கள் செயினுக்குப் பொருந்தும் விரைவு இணைப்பு ஒன்று. இவற்றோடு பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு சாண் துண்டையும் வையுங்கள். கூர்மையான கல் டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டால், உள்ளே அந்தத் துண்டை வைத்துத்தான் வீடு வர முடியும்.

பஞ்சர் பார்க்கும்போது அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு படி இருக்கிறது. புது ட்யூபை மாட்டும் முன், டயரின் உட்புறத்தை விரல் நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே ஒரு முழுச் சுற்று வாருங்கள். அரிசி நுனி அளவுகூட இல்லாத கண்ணாடிச் சில்லு அங்கே ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதை எடுக்காமல் மாட்டினால் அடுத்த ட்யூபும் சில நிமிடங்களில் போய்விடும். டயரில் உள்ள பெயர்ப்பொறிப்பு ட்யூபின் காற்றுவாய்க்கு நேராக வரும்படி எப்போதும் மாட்டுங்கள். ட்யூபில் ஓட்டை இருக்கும் இடத்தை வைத்து டயரில் முள் எங்கே என்று உடனே கண்டுபிடிக்கலாம்.

டயர் அகலம் 28 முதல் 32 மில்லிமீட்டர் நல்லது. கரடுமுரடான தாரில் அகலமான டயரைக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டினால் அதிர்வு குறையும், பிடிமானமும் கூடும்.

வண்டிகளே இல்லாத சாலையில் வேறென்ன ஆபத்து?

வளைவின் உள்விளிம்பில் சேரும் சரளை, நிழலில் காயாமல் கிடக்கும் ஈரம், இலைக்குப்பை, மலைச்சரிவிலிருந்து உருண்ட கற்கள். கால்நடை தாண்டாமலிருக்கச் சாலைக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். அவற்றைச் சாய்வாக அல்லாமல், கம்பிகளுக்குக் குறுக்கே நேராகக் கடந்துபோங்கள். மழையில் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் உருண்டு போங்கள்.

சுரங்கப்பாதைக்கு முன்பு நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முன்னும் பின்னும் விளக்கைப் போடுங்கள். வெளி வெயிலிலிருந்து உள்ளே நுழையும் ஓட்டுநருக்கும் சில நொடிகள் கண் தெரியாது.

மந்தையைக் காக்கும் நாய் ஓடிவந்தால் பந்தயம் வைக்காதீர்கள். ஏற்றத்தில் நீங்கள் தோற்பீர்கள். இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கண்ணுக்கு நேராக முறைக்காமல், அமைதியான குரலில் பேசியபடி மெதுவாக நடங்கள். ஓடாத பொருளைத் துரத்த நாய்க்கு ஆர்வம் குறைவு. மந்தைக்குள் புகுந்து போகாமல் சுற்றிப் போவது மேய்ப்பவருக்கும் மரியாதை.

தனியாகப் போகலாமா?

போகலாம். ஆனால் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன வழியை மாற்றாதீர்கள். பள்ளத்தாக்குகளில் செல்பேசிச் சமிக்ஞை இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 112 என்ற அவசர எண் ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் உதவும். உங்கள் நிறுவனத்தின் சமிக்ஞை இல்லாவிட்டாலும் வேறொரு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் பெரும்பாலும் அழைப்பு போகும்.

விடியலில் கிளம்புங்கள். கோடையில் மலைகளின்மேல் மேகம் திரள்வதும் இடி இறங்குவதும் பெரும்பாலும் பிற்பகலில். நடுப்பகலுக்குள் உயரமான கணவாயைத் தாண்டிவிடுங்கள். இடிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டால் உச்சிக்கு இன்னும் ஒரே கிலோமீட்டர் என்றாலும் திரும்புங்கள். தனிமரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள்.

புகழ்பெற்ற கணவாய்களுக்குப் போவதா, பெயர் தெரியாத சாலைகளுக்கா?

புகழ்பெற்ற ஒன்றை ஏறிப் பாருங்கள். அந்த ஆசையைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் என் மனம் இரண்டாவது வகையில்தான். பேர்பெற்ற கணவாயில் மோட்டார் சைக்கிள்களும் சுற்றுலாப் பஸ்களும் காதுக்குப் பக்கத்தில் கடந்துகொண்டே இருக்கும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் அதே உயரத்துக்கு ஏறும் சாலையில் செயின் பல்சக்கரத்தில் பதியும் சத்தமும் உங்கள் மூச்சும் மட்டுமே கேட்கும். வரைபடத்தில் மெல்லிய கோடாக, இரண்டு சிற்றூர்களை மட்டும் இணைத்து, பெரிய சாலைக்கு இணையாகப் போகும் வழியைத் தேடுங்கள். அது தார் போட்டதா என்பதை மட்டும் முன்பே உறுதி செய்யுங்கள்.

மிகச் செங்குத்தாக இருந்தால் இறங்கித் தள்ளலாமா? மறுபடி எப்படி ஏறுவது?

தாராளமாகத் தள்ளுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் கீழே போனால் சமநிலை வைப்பதே பாதி உழைப்பாகிவிடும்; நடப்பவரும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போவார். நடக்கக்கூடிய அடிப்பாகம் உள்ள காலணி அணிவது அதற்காகவே.

மறுபடி ஏறும்போது நேராக மேல்நோக்கி நின்று முயன்றால் விழுவீர்கள். முன்னும் பின்னும் வண்டி வரவில்லை என்று பார்த்து, சைக்கிளைச் சாலைக்குக் குறுக்காகத் திருப்புங்கள். அந்தத் திசையில் சாய்வு அநேகமாக இல்லை. இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, மேட்டுப்பக்கக் காலை ஊன்றி, மற்ற மிதியை உச்சிக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து அதில் பாதத்தை வையுங்கள். இருக்கையில் அமர்ந்து அந்த மிதியை அழுத்தும் அதே கணத்தில் பிரேக்கை விடுங்கள். இரண்டு சுற்று மிதித்து நிலைபெற்ற பிறகு மெல்ல மேல்நோக்கித் திரும்புங்கள். காலணியைப் பெடலில் பூட்டுவது அதற்கும் பிறகு. சாலை குறுகலாக இருந்தால் அடுத்த வளைவின் வெளிவிளிம்புவரை தள்ளிப்போய் அங்கிருந்து தொடங்குங்கள்.